குடை : இசக்கி

போன வாரம் வண்ணார்பேட்டை ரவுண்டானாவில் ஒரு ராஜாவைப் பார்த்தேன். வயது ஒன்று. சிங்க முகம் வைத்த சிம்மாசனத்தில், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தலைக்கு மேலே 'குட்டி இளவரசருக்குக் காதணி விழா' என்று இரண்டடி உயரத்துக்கு எழுத்து. பக்கத்தில் தாய்மாமன்கள் ஏழு பேர், காதில் செல்போனை வைத்தபடி, யாரையோ கைது பண்ணப் போகிற வேகத்தில் நடந்து வந்துகொண்டிருந்தார்கள். பிளக்ஸை அப்போதுதான் கட்டியிருப்பார்கள் போல. வெயிலில் புது ரெக்சின் வாடை அடித்தது.

எனக்குச் சந்தேக புத்தி உண்டு. என் மனைவி இதை எங்கள் கல்யாணம் ஆன மூன்றாவது நாளே கண்டுபிடித்துவிட்டாள். தராசைப் பார்த்தால் சந்தேகம், மருந்துச் சீட்டைப் பார்த்தால் சந்தேகம், யாராவது சும்மா சிரித்தால் ரொம்பச் சந்தேகம். அதனால்தான் அந்தப் பிளக்ஸைப் பார்த்து மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போன மாதிரி என்னால் போக முடியவில்லை. ஜமீனை ஒழித்தாயிற்று, மன்னர் மானியத்தை ஒழித்தாயிற்று என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். ஒழித்ததற்கான அடையாளம் எங்கேயாவது தெரிகிறதா, நீங்களே சொல்லுங்கள். அவர்களெல்லாம் வேறு சட்டை போட்டுக்கொண்டு நம் நடுவிலேயே உட்கார்ந்திருக்கிறார்களோ என்று எனக்கு ஓர் எண்ணம்.

உடனே அரசியல்வாதி, மணல் லாரிக்காரர், ஆஸ்பத்திரி வைத்திருக்கும் டாக்டர் என்று வரிசையாகச் சொல்ல ஆரம்பித்துவிடாதீர்கள். அந்த வரிசை எனக்கும் தெரியும். போன மாசி மாதம் திருச்செந்தூர் போயிருந்தோம். தெரிந்தவர் ஒருவர் போன் பண்ணிச் சொன்னதில் எங்களைப் பக்கவாசல் வழியாக உள்ளே விட்டுவிட்டார்கள். கம்பிக்கு அந்தப் பக்கம் ஆயிரம் பேர் பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு வேர்த்து நின்றார்கள். அவர்களைத் தாண்டிப் போகும்போது என் முதுகு தானாக நிமிர்ந்தது. முருகனைக் கும்பிட்டதைவிட அந்த நிமிர்வு நன்றாக இருந்தது. வெளியே வந்து மனைவியிடம் சொன்னேன். "இதையெல்லாம் வெளிய சொல்லாதிய" என்றாள்.

நான் சொல்ல வந்தது வேறு. ரெக்சின் வாடை என்னை இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் கொண்டுபோய் விட்டது. அப்போது எங்கள் அச்சகத்தில் வேறு வாடை. மண்ணெண்ணெய், மை, கோந்து, பக்கத்துக் கடையில் நெய் காயும் வாசனை, எல்லாம் ஒன்றாகக் கலந்து வரும். டவுணில் தேரடிக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு மாடி. தமிழில் எம்.ஏ. முடித்துவிட்டு வாத்தியார் வேலைக்குக் காத்திருந்த நான், அங்கே பிழை திருத்துகிறவனாக இருந்தேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி, எல்லாம் என் சிவப்புப் பேனாவுக்குக் கீழே வந்துதான் வெளியே போகவேண்டும். முதலாளியை நாங்கள் அண்ணாச்சி என்போம். நல்ல மனுஷர். என்னை 'புலவரே' என்று கூப்பிடுவார். கேலிதான், ஆனால் எனக்கு அது பிடித்திருந்தது.

அச்சகத்தில் வேலை பார்த்தால் ஊரின் ஏணி எத்தனை படி என்று தெரிந்துவிடும். ஒரு கல்யாணப் பத்திரிகையில் யார் பெயர் முதலில், யார் பெயர் இரண்டாவது பத்தியில், யார் பெயருக்குப் பின்னால் 'அமெரிக்கா' என்று வரவேண்டும் என்பதற்கெல்லாம் சண்டை நடக்கும். பெரியப்பா பெயர் சின்ன எழுத்தில் வந்துவிட்டது என்று அச்சடித்த முழுக் கட்டையும் திருப்பிக் கொண்டுவந்து போட்டவர்கள் உண்டு. அந்த நாளில் எனக்கு இதெல்லாம் வேடிக்கை. நான் ஏணிக்கு வெளியே நின்று பார்க்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பேச்சியம்மாள் எங்கள் அச்சகத்தில் கம்ப்யூட்டரில் எழுத்து அடிக்கிறவள். இருபத்திரண்டு, இருபத்திமூன்று வயது இருக்கும். சேரன்மாதேவிக்கு மேற்கே, ஆற்றங்கரை ஊர் ஒன்றிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். அவள் விரல் ஓடுகிற வேகத்துக்கு என் கண் ஓடாது. அதனால் அவள் அடித்ததில் பிழை கண்டுபிடிக்கிற நாள் எனக்குத் தீபாவளி. அவள் ஊரில் பழைய ஜமீன் அரண்மனை ஒன்று இருந்தது. அவள் அப்பா இசக்கி வாழைத்தோட்டத்தில் கூலி வேலை. வருடத்தில் ஒரு நாள், பங்குனி உத்திரத்தன்று, ஜமீன்தார் அரண்மனையிலிருந்து ஆற்றங்கரை மண்டபத்துக்குப் போகும்போது இசக்கிதான் பட்டுக்குடை பிடித்துக்கொண்டு கூடவே நடக்கவேண்டும். அவருடைய அப்பாவும் தாத்தாவும் பிடித்த குடை அது. இதையெல்லாம் பேச்சியே ஒரு மத்தியானம் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்துகொண்டு சொல்லியிருக்கிறாள். 'சொல்லியிருக்கிறாள்' என்பதை நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் பல வருடம் அதை மறந்த மாதிரி இருந்துவிட்டேன்.

அந்த உத்திரத் திருவிழா நோட்டீஸ் எங்கள் அச்சகத்தில்தான் அடிப்பார்கள். அரண்மனையிலிருந்து ஓர் ஆள் போன வருட நோட்டீஸைக் கொண்டுவந்து தருவார். அதிலேயே பென்சிலால் தேதியை மாற்றியிருக்கும். மற்றபடி பாட்டன் காலத்து வாசகம் அப்படியே இருக்கும். மேலே ஜமீன் குடும்பத்தார் பெயர்கள், 'திரு', 'அவர்கள்', படிப்பு, பட்டம், வெளிநாடு எல்லாவற்றோடும். நடுவில் பூஜை விவரம். கடைசியில், பொடி எழுத்தில், ஊழியக்காரர்கள்.

கொம்பு : சுடலை
தீவட்டி : மாடன்
குடை : இசக்கி

அவ்வளவுதான். திருவும் கிடையாது, அவர்களும் கிடையாது. அதை நான் நான்கு வருடம் படித்திருக்கிறேன். ஒரு தடவைகூட ஏதோ குறைகிறது என்று எனக்குத் தோன்றியதில்லை.

அந்த வருடம் பேச்சி அடித்துக் கொடுத்த திருத்துப்படியில் எனக்கு ஒரு பெரிய பிழை அகப்பட்டது. 'ஜமீன்தார் அவர்கள் சமுகத்தில் சுவாமிக்குத் தீர்த்தவாரி நடைபெறும்' என்பது பழைய வாசகம். சமுகம் என்றால் பெரியவர்களின் முன்னிலை, சந்நிதி. மு குறில். பேச்சி பழக்கதோஷத்தில் அதை நெடிலாக்கி 'சமூகத்தில்' என்று அடித்துவிட்டாள். நம் பக்கத்தில் சமூகம் என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. டீக்கடையில் உட்கார்ந்ததும் 'தம்பி எந்தச் சமூகம்?' என்று கேட்பார்களே, அதுதான். ஜமீன்தார் முன்னிலையில் தீர்த்தவாரி என்பது, ஜமீன்தார் சாதிக்குள்ளே மட்டும் தீர்த்தவாரி என்று ஆகிவிட்டது. நோட்டீஸ் அப்படியே ஊர்ச்சுவரில் ஏறியிருந்தால் ரெண்டு வண்டி போலீஸ் வந்திருக்கும்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அண்ணாச்சியைக் கூப்பிட்டு, குறில் நெடில் என்று ஒரு வகுப்பே எடுத்தேன்.

"ஒரு கோட்டுல ஊரே ரெண்டாயிருக்கும் போலயே. நீரு இல்லன்னா தொலைஞ்சோம் வே" என்றார் அண்ணாச்சி.

அந்தப் பாராட்டின் சூட்டோடு மிச்சத்தையும் படித்துக்கொண்டே போனேன். கடைசியில் வந்து பேனா நின்றது.

குடை : திரு. இசக்கி அவர்கள்.

மூலத்தை, அரண்மனை ஆள் தந்த பழைய நோட்டீஸை, எடுத்துப் பார்த்தேன். மூலத்தில் திரு இல்லை, அவர்கள் இல்லை. இரண்டையும் அடித்து, ஓரத்தில் நீக்கல் குறி போட்டேன். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

அது அவள் அப்பா என்று தெரியாமல் அடித்துவிட்டேன் என்றுதான் ரொம்ப நாள் எல்லாரிடமும் சொல்லி வந்தேன். என்னிடமே சொல்லி வந்தேன். இப்போது அதை நம்ப முடியவில்லை. எனக்குத் தெரியும். அதைவிட மோசம், அந்த வரியைப் பார்த்ததும் எனக்குக் கண் உறுத்தியது. மேலே ஜமீன்தாருக்கும் திரு, கீழே குடைக்காரருக்கும் திரு என்றால் ஏதோ இடம் மாறிக் கிடக்கிற மாதிரி இருந்தது. எனக்கும் அந்த அரண்மனைக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. என் அப்பா தபால் ஆபீஸில் முத்திரை குத்தினவர். ஜமீன்தார் எக்கேடு கெட்டால் எனக்கென்ன? ஆனாலும் உறுத்தியது. அந்த உறுத்தலுக்கு நான் வைத்த பெயர்தான் 'மூலத்தில் இல்லை'.

பேச்சி திருத்திய படியை வாங்கிப் பார்த்தாள். பிறகு என் மேஜைக்கு வந்தாள்.

"அண்ணே, சமுகம் நான் செஞ்ச தப்பு. இந்தத் திரு தப்பில்லண்ணே."

"மூலத்துல இல்லையே பேச்சி."

"எல்லாத்துக்கும் போடுதோம். புரோட்டா கடை திறந்தா போடுதோம். காது குத்துத பிள்ளைக்குக்கூட செல்வன் போடுதோம். எங்க அய்யாவுக்குப் போட்டா என்னண்ணே?"

"அரண்மனையில ஏதாவது சொல்லுவாங்க."

"அவிய இன்னும் பாக்கவே இல்ல. நீங்கதான் சொல்லுதிய."

நான் பேனாவை மூடித் திறந்தேன். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அய்யாவுக்கு வாசிக்கத் தெரியாது. வருசா வருசம் நோட்டீச வாங்கி, எம் பேரு எங்கன இருக்குன்னு கேப்பாவ. இந்த வருசம் திரு போட்டு வரும்னு சொல்லிட்டேன்."

"அடுத்த வருசம் பாப்போம்" என்றேன்.

அவள் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தாள். அழிக்கிற சாவியை அவள் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டியது எனக்குக் கேட்டது.

இன்னும் நேரம் இருந்தது என்பதைச் சொல்லவேண்டும். அச்சுக்குப் போகவில்லை. சாயங்காலம் ஜமீன் வாரிசு கடைசிப் படியைப் பார்க்க நேரிலேயே வந்தார். ஊரில் அவரைச் சின்ன ராசா என்பார்கள். சென்னையில் ஏதோ கம்பெனியில் பெரிய உத்தியோகம், நாற்பது வயது, சாதாரண அரைக்கைச் சட்டை. அண்ணாச்சி பதறிப்போய்த் தன் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அவர் உட்காரவில்லை. பேப்பர் கட்டு வைக்கிற பலகையில் எங்களோடு உட்கார்ந்து, கண்ணாடி டம்ளரில் டீ குடித்தார்.

"ஜமீன்தார்னு போடறதே எனக்குக் கூச்சமா இருக்கு சார். இப்போ எல்லாரும் ஒண்ணுதானே" என்றார்.

எங்களுக்கெல்லாம் உடம்பு சிலிர்த்துவிட்டது. என் சந்தேக புத்தி அன்றைக்கு லீவு எடுத்துக்கொண்டது. நாற்காலியை வேண்டாமென்று சொல்வதற்கு, முதலில் நமக்காக யாராவது நாற்காலியைத் துடைத்துப் போடவேண்டும் என்பதெல்லாம் பிறகு தோன்றியதுதான். அப்போது நான் செய்ததெல்லாம் சமுகம், சமூகம் கதையை இன்னொரு தடவை விஸ்தாரமாகச் சொன்னது மட்டுமே. அவர் ரசித்துக் கேட்டார். உங்களை மாதிரி ஆட்களால்தான் தமிழ் இருக்கிறது என்றார். கம்ப்யூட்டருக்குப் பின்னாலிருந்து பேச்சி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரே ஒரு வாக்கியம் போதும். 'சார், இந்த ஊழியக்காரங்க பேருக்கும் திரு போட்டுரலாமா?' அவர் மறுத்திருக்கவே மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். நான் கேட்கவில்லை. கேட்டால் அந்தப் பாராட்டில் எங்கே ஒரு கீறல் விழுமோ என்று பயமாக இருந்தது.

படியை அவர் மேலிருந்து கீழ்வரை பார்த்தார். ஓர் இடத்தில் விரல் நின்றது. நான் எட்டிப் பார்த்தேன்.

"எங்க சித்தப்பா பையனுக்கு எம்.எஸ். விட்டுப்போச்சு பாருங்க" என்றார்.

பேச்சி உடனே எம்.எஸ். சேர்த்தாள். நோட்டீஸ் அச்சுக்குப் போயிற்று.

பங்குனி உத்திரத்துக்கு அண்ணாச்சியும் நானும் அந்த ஊருக்குப் போனோம். ஆற்றில் தண்ணீர் குறைவு. பாறையெல்லாம் வெளியே தெரிந்தது. குலதெய்வம் சாஸ்தாவைக் கும்பிட வந்த கூட்டம் மருதமரங்களுக்குக் கீழே பொங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அரண்மனையிலிருந்து மண்டபத்துக்கு முந்தி அரை மைல் நடந்து வருவார்களாம். சின்ன ராசா காரில் வந்து, மண்டபத்துக்கு நாற்பது அடி தூரத்தில் இறங்கினார். அந்த நாற்பது அடிக்குத்தான் குடை. பிடித்துக்கொண்டு வந்தவர் ஒல்லியாக, உயரமாக இருந்தார். மேலே சட்டை இல்லை, துண்டு இடுப்பில் கட்டியிருந்தது. குடையின் நிழல் முழுக்கச் சின்ன ராசா மேல் விழ, அவர் வெயிலில் நடந்தார். கால்முட்டு சரியில்லை போல, சாய்ந்து சாய்ந்து வந்தார்.

மண்டபப் படியில் சின்ன ராசா திரும்பி, "எப்படி இருக்கீங்க இசக்கி?" என்று கேட்டார். கூட்டத்துக்குள் ஒரு முணுமுணுப்பு. "பாத்தியளா, நீங்கன்னு கேக்காவ. அந்தக் குணம் யாருக்கு வரும்?" அண்ணாச்சிகூடத் தலையை ஆட்டினார்.

தீர்த்தவாரி முடிந்து எல்லாரும் பானக்காரம் குடிக்கப் போன நேரம். நான் மண்டபத்துத் தூண் ஓரம் தனியாக நின்றேன். இசக்கி என்னிடம் வந்தார். கையில் மஞ்சள் நோட்டீஸ்.

"பிரஸ் சாருதானே? பேச்சி சொல்லிருக்கா."

"ஆமாங்க."

"எம் பேரு இதுல எங்கன இருக்கு? கொஞ்சம் வாசிங்க சார்."

பொடி எழுத்து வரிசையில் விரலை வைத்துக் காட்டினேன். பக்கத்தில் வாசிக்கத் தெரிந்தவர் யாரும் இல்லை.

"குடை, திரு. இசக்கி அவர்கள்" என்று வாசித்தேன்.

அவர் நோட்டீஸைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்படியா போட்டிருக்கு?"

"ஆமா."

நோட்டீஸைப் பைய நாலாக மடித்து இடுப்பில் செருகினார். "திருவ நீங்க வெட்டிட்டியன்னு பேச்சி சொன்னா" என்றார். கோபமே இல்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். "சின்ன ராசாவும் இப்படித்தான் சார். வாயால நல்லா குடுப்பாவ."

அதற்குள் மண்டபத்துக்குள்ளே சின்ன ராசா எழுந்துவிட்டார். இசக்கி சாய்த்து வைத்திருந்த குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் பானக்காரம் குடிக்கவில்லை. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அண்ணாச்சி சின்ன ராசாவின் எளிமையைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்.

அதற்குப் பிறகு பேச்சி என்னிடம் மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை பேசியதில்லை. அண்ணே என்பதை மட்டும் விட்டுவிட்டு, சார் என்று கூப்பிட ஆரம்பித்தாள். ஐப்பசியில் கல்யாணமாகி வேலையை விட்டுப் போய்விட்டாள். மறுவருடம் அரண்மனையிலிருந்து நோட்டீஸ் வந்தது. இந்தத் தடவை யாரையும் கேட்காமல் நானே திரு போட்டுவிடுவது என்று முடிவு பண்ணி வைத்திருந்தேன். பிரித்துப் பார்த்தால், குடை என்ற வரியையே பென்சிலால் அடித்திருந்தார்கள். "இசக்கி வரமாட்டேன்னுட்டான். வேற ஆளும் கெடைக்கல" என்றார் கொண்டுவந்தவர்.

அப்புறம் ஒவ்வொன்றாகப் போயிற்று. அரண்மனை முன்கட்டு இப்போது கல்யாண மண்டபம். சின்ன ராசா வெளிநாட்டில் இருக்கிறார் என்கிறார்கள். பட்டுக்குடையை மண்டபத்து வாசலில் நட்டு வைத்திருக்கிறார்களாம், பொண்ணு மாப்பிள்ளை அதற்குக் கீழே நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். அண்ணாச்சி இறந்துபோனார். அச்சகம் இருந்த மாடியில் செல்போன் உறை விற்கிறார்கள். எனக்கும் ஒரு வழியாக வாத்தியார் வேலை கிடைத்தது. பையன்கள் பரீட்சைத் தாளில் சமுகம் என்று எழுதினால் இப்போது நான் அடிப்பதில்லை.

வாத்தியாராகி நாலைந்து வருடம் இருக்கும். சேரன்மாதேவி பஸ் ஸ்டாண்டில் வண்டிக்குக் காத்திருந்தேன். எதிர்ச்சுவரில் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி ஒன்று, பசை காயவில்லை. செத்துப்போனவர்களுக்கு நாம் வைக்கிற மரியாதை உங்களுக்குத் தெரியுமே. 'தெய்வத்திரு. இசக்கி அவர்கள்' என்று பெரிய எழுத்தில் இருந்தது. கீழே முதல் பெயர் மகள் பேச்சியம்மாள். வழக்கம்போல் என் கண் பிழை தேடியது. ஒரு பிழையும் இல்லை. கிட்டப் போய் நின்று, அந்த வரியை வாய்விட்டு ஒரு தடவை வாசித்தேன். இந்தத் தடவை இருந்ததைத்தான் வாசித்தேன். கேட்கத்தான் அவர் இல்லை.